சீட்டு டீச்சரும் பசை டப்பாவும்

"உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு எழுதுங்க" என்று யாராவது தாளை நீட்டினால், அந்தத் தாள் அப்புறம் எங்கே போகும் என்றுதான் நான் முதலில் கேட்பேன். நாற்பத்தொரு வருடமாக நோயாளிகளையும் வயதானவர்களையும் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலையில் எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. கண்ணால் பார்த்ததை எழுது, கையால் செய்ததை எழுது, மணியை எழுது. மனதில் பட்டதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ. பதிவேட்டில் ஏறிய சொல் ஆள் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதனால் சீட்டு டீச்சரைப் பார்த்த முதல் நாளே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை.

அவர் பள்ளிக்கூடத்தில் தொழில் வழிகாட்டி ஆசிரியை. மேல்வகுப்புப் பிள்ளைகளை வாரம் ஒரு நாள் வெளியே வேலைப் பழக்கத்துக்கு அழைத்துப் போவார். ஒரு கூட்டம் வண்டிப் பட்டறைக்கு, ஒரு கூட்டம் அச்சகத்துக்கு, ஏழு பேர் எங்கள் முதியோர் இல்லத்துக்கு. புதன்கிழமை காலை எட்டரைக்கு வருவார்கள். இரண்டாம் மாடிப் பொறுப்பு என்னுடையது என்பதால் ஏழு பேரும் என் தலையில்.

டீச்சருக்கு நாற்பத்தாறு வயது இருக்கும். நல்ல உயரம். எல்லா வாசலும் தாழ்வானது என்று நினைப்பவர்போலத் தலையைக் குனிந்துகொண்டே நடப்பார். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். கழுத்துக் கயிற்றில் இரண்டு பேனா தொங்கும். ஒன்று எப்போதும் எழுதாது. அக்குளில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடியில் கத்தியால் கீறி ஒரு வாய் திறந்திருந்தார். தகரம் விரலைக் கிழிக்காமல் இருக்க அந்த வாயின் ஓரம் முழுக்கப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிளாஸ்திரியை நான் கவனித்தேன். டப்பாவை இன்னும் அதிகமாகக் கவனித்தேன்.

"இது எதுக்கு டீச்சர்?"

"வேலை முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிப் போடுவாங்கம்மா. முன்பக்கம், இன்னிக்கு உள்ளுக்குள்ள என்ன நடந்தது. பின்பக்கம், அப்ப நீ என்ன பண்ணினே. அவ்வளவுதான்."

"யாரு படிப்பாங்க?"

"நான் மட்டும்தான். பேர் போட வேணாம்னு சொல்லியிருக்கேன்."

"படிச்சிட்டு?"

"மறுநாள் வகுப்புல, யார் எழுதினதுன்னு சொல்லாம அதைப் பத்திப் பேசுவோம்."

"பேசிட்டு?"

அவர் சிரித்துவிட்டார். "என்னம்மா, போலீஸ் மாதிரி கேக்கறீங்க?"

"போலீஸ் இவ்வளவு கேக்க மாட்டாங்க. எழுதி வாங்கிட்டுப் போயிட்டே இருப்பாங்க."

பிள்ளைகளும் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. துணிமணி அறையில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டே பேசியதை நான் கேட்டேன்.

"நீ என்னடி எழுதினே?"

"மகிழ்ச்சின்னு எழுதினேன். போன வாரமும் மகிழ்ச்சி. அடுத்த வாரமும் மகிழ்ச்சிதான்."

"பின்பக்கம்?"

"'புன்னகை செய்தேன்.'"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. தையல்காரர் மகள். அவள் விரிப்பின் மூலையை மூலையோடு பொருத்தி, விரலால் நீவி, அடுக்கில் வைத்தாள். "டீச்சர் கேக்கறாங்க இல்ல. அப்புறம் என்ன, சொல்லிட்டுப் போறது" என்றாள்.

"ஐயோ, நிஜமாவா எழுதறே? பைத்தியமா நீ?"

அன்று சாயங்காலமே விசாரித்தேன். என் தங்கையின் மருமகள் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"அவங்களா? பாவம் பெரியம்மா. முன்னாடி அந்த வகுப்புல விண்ணப்பம் எழுதறது, நேர்காணல்ல எப்படி உக்கார்றது, சட்டையை எப்படி உள்ள விடறது, இதான் நடக்கும். இவங்க வந்து, கோவம் வந்தா என்ன பண்ணுவே, பயம் வந்தா என்ன பண்ணுவேன்னு ஆரம்பிச்சாங்க. ஸ்டாஃப் ரூம்ல யாரும் அவங்க முன்னால வாயைத் திறக்கறதில்ல. அந்த டப்பா ஹெட்மாஸ்டர் மேசைக்குப் போகுதுன்னு ஒரு பேச்சு."

"போகுதா?"

"யாருக்குத் தெரியும்? போனாலும் எனக்கென்ன, நான் ஒண்ணும் எழுதிப் போடலையே!"

அடுத்த புதன்கிழமை டீச்சரும் எங்களோடு உட்கார்ந்து தலையணை உறை மாட்டினார். நேராகவே கேட்டேன். "எதுக்கு டீச்சர் இந்த வம்பு? சட்டையை உள்ள விடச் சொல்லிக் குடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

அவர் கதையை அன்றுதான் சொன்னார். அப்பா தபால் பிரிக்கும் வேலை. நான்கு பெண்களில் இவர் மூன்றாவது. தட்டச்சில் முதல் வகுப்பு வாங்கி, இருபது வயதில் ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாவது மாதம் ஓர் ஆள் கூப்பிட்டான். அவன் அம்மா லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தார். அவன் எடுத்த எடுப்பிலேயே கெட்ட வார்த்தையில் திட்டினான்.

"எல்லாம் கத்துக் குடுத்திருந்தாங்கம்மா. 'வணக்கம், என்ன உதவி வேணும்' எல்லாம். ஒருத்தன் அப்படித் திட்டினா என் கை நடுங்கும்னு யாரும் சொல்லலை. கை தானா போனை வெச்சிடுச்சு. முகவரி வாங்கலை. அவன் மறுபடி லைன் கிடைச்சுப் பேசறதுக்கு இருபது நிமிஷம். அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா இருட்டுல இருபது நிமிஷம்மா."

வேலை போயிற்று. அப்புறம் படித்து ஆசிரியை ஆனார். கணவர் பேருந்து ஓட்டுகிறார். ஒரே மகன் படிக்க வேறு ஊர் போய்விட்டான். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் இவர் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாராம். "எங்க வீட்டுப் பாத்திரம் எப்பவும் பளபளன்னு இருக்கும்" என்றார்.

கதை நன்றாக இருந்தது. நன்றாக இருக்கும் கதைகளைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். எந்தக் கட்டடம் என்று கேட்டேன். சொன்னார். கண் மருந்து வாங்கப் போன வழியில் எட்டிப் பார்த்தேன். லிஃப்ட் இருந்தது. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

இனி தையல்காரர் மகள் விஷயம். எங்கள் இல்லத்தோடு சேர்ந்து பராமரிப்புப் பயிற்சி நிலையம் ஒன்று நடக்கிறது. இரண்டு வருடப் படிப்பு. வருடத்துக்கு ஓர் இடம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு. ஒரே ஓர் இடம். அது அவளுக்கு வேண்டும். கிடைக்காவிட்டால் அவள் அத்தை வேலை பார்க்கும் துணி ஆலையில் பெட்டி கட்டும் வரிசையில் நிற்க வேண்டும். அத்தை அங்கே சொல்லிவைத்தும் ஆயிற்று. "பெட்டி கட்டினா பெட்டி 'தேங்க்ஸ்' சொல்லுமா பெரியம்மா?" என்று கேட்டாள். "இங்கயும் யாரும் சொல்ல மாட்டாங்க" என்றேன். "திட்டவாவது செய்வாங்க இல்ல" என்றாள். அவள் கை நல்ல கை. தண்ணீர்ச் சூட்டை முழங்கையில் பார்ப்பாள். படுத்தவரைப் புரட்டும்போது அவர் தோளை இழுக்க மாட்டாள். இடுப்பிலும் தோளிலும் சேர்த்துப் பிடிப்பாள். இதைச் சொல்லிக் கொடுத்தாலும் பலருக்கு வராது.

ஐந்தாவது புதன்கிழமை அவளை நாலாம் அறைக்கு அனுப்பினேன். நாலாம் அறை அம்மாள் ஒரு காலத்தில் நீச்சல் பயிற்சி கொடுத்தவர். இப்போது எதுவும் நினைவில் தங்குவதில்லை. குளத்தில் புரண்டவருக்கு ஈரத்துணியில் உடம்பு துடைப்பது பெரிய அவமானமாகப் படுகிறதோ என்னவோ, துடைக்க வந்தவர் தலைமுடியைப் பிடித்துவிடுவார், துப்புவார். பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பெண் தாழ்வாரத்தில் வந்து நின்றாள். முடி கலைந்திருந்தது. கையிரண்டையும் பின்னால் கட்டியிருந்தாள்.

"பெரியம்மா, நீங்க வாங்க. என்னால இப்ப முடியலை."

போனேன், துடைத்தேன், வந்தேன். அறைப் பதிவேட்டில் "10.20 ஆள் மாற்றம். 10.30 பழைய ஆள்" என்று எழுதினேன். ஏன், எதற்கு என்று நான் எழுதவுமில்லை, கேட்கவுமில்லை.

எட்டாவது வாரம் டீச்சர் டப்பாவை என்னிடம் கொடுத்து, "ஒரு நிமிஷம் பிடிங்கம்மா" என்று கீழே பேருந்துக்காரரைப் பார்க்கப் போனார். மூடியைத் திறந்தேன். திறக்காமல் இருக்க நான் ஒன்றும் துறவி இல்லை. எல்லாம் மஞ்சள் சீட்டு. படிக்கவில்லை; மேலாகப் புரட்டினேன். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் பென்சிலில், எறும்பு அளவுக்கு ஒரு நம்பர். பிள்ளைகளின் வரிசை எண். அது டீச்சர் கையெழுத்து.

பேர் போட வேண்டாம் என்றவர் நம்பர் போடுகிறார்! எனக்கு மூக்கு வேர்த்தது. ஆனால் அன்று கேட்கவில்லை. டப்பாவை மூடிக் கையில் கொடுத்தேன். கொஞ்சம் பொறுத்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அது என் தப்பு, எழுதிவிடுகிறேன்.

பத்தாவது வாரம் முடிந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து ஐந்து ஃபைல் வந்தது. அந்த ஓர் இடத்துக்கு ஐந்து பேர் கேட்டிருந்தார்கள். எங்கள் இல்லத்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் நிழலையும் இரண்டு தடவை பார்ப்பவர். போன வருடம் ஒரு வீட்டார், தங்கள் அப்பா கையில் நீலம் பூத்திருக்கிறது, யாரோ கிள்ளியிருக்கிறார்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் எங்கள் எல்லோருடைய நகத்தையும் பார்ப்பார்.

"இதைப் பாருங்க" என்று ஒரு ஃபைலைத் திருப்பினார்.

தையல்காரர் மகளுடையது. உள் அட்டையில் பத்து மஞ்சள் சீட்டு, ஒன்றின்கீழ் ஒன்றாக, பசை தடவி ஒட்டியிருந்தது. ஐந்தாவது சீட்டின்மேல் அவர் விரல் நின்றது. "இன்று நாலாம் அறையில் எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் என் முடியைப் பிடித்தபோது அவரைக் கிள்ள வேண்டும் என்று இருந்தது. நிஜமாகவே கிள்ள வேண்டும் என்று."

"மத்த நாலு பேர் என்ன எழுதியிருக்காங்க பாருங்க. மகிழ்ச்சி, மகிழ்ச்சி, மனநிறைவு, மகிழ்ச்சி. இந்தப் பொண்ணு எழுதிக் குடுத்த பிறகும் நான் சேர்த்துக்கிட்டேன்னா, நாளைக்கு ஒண்ணு நடந்தா என் நிலைமை என்ன?"

"யார் சார் இதை ஃபைல்ல ஒட்டினது?"

"ஸ்கூல்லேர்ந்து வந்திருக்கு. அவங்க டீச்சர்தான் அனுப்பியிருப்பாங்க. பாராட்டணும் அவங்களை. முன்கூட்டியே எச்சரிக்கை பண்ணியிருக்காங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் சொல்லிவைத்தேன்: "திங்கக்கிழமை வரைக்கும் யாருக்கும் பதில் எழுதாதீங்க சார்." அவர் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார். "சரி, திங்கக்கிழமை பத்து மணி" என்றார். ஃபைலை நான் வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்.

பள்ளிக்கூட அலுவலகம் வாசலை ஒட்டிய நீள அறை. ஒரு பக்கம் ஃபைல் அலமாரி, நடுவில் கிளார்க் மேசை. டீச்சர் அங்கேதான் நின்றிருந்தார். என் கையில் ஃபைலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "முடிவாயிடுச்சாம்மா?"

மேசைமேல் ஃபைலைத் திறந்து போட்டேன். "உங்க கைவேலை நல்லா இருக்கு டீச்சர். ஒரு ஓரம்கூட பிசிறில்லாம ஒட்டியிருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்தார். நிறம் போய்விட்டது. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் என் மாதிரியே ஒருத்தி இருந்தாள்.

"எட்டாவது வாரம் டப்பா உங்க கையிலதானேம்மா இருந்தது?"

"நானா? நான் ஒட்டினேனா?"

"திறந்து பார்த்தீங்க. பிளாஸ்திரி ஒரு பக்கம் பிஞ்சிருந்தது. நான் ஒண்ணும் கேக்கலை."

"நீங்க நம்பர் போட்டிருந்தீங்க. நானும் ஒண்ணும் கேக்கலை!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். அப்போது மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கிளார்க் தலையை நீட்டினார். அறுபதைத் தொட்டவர், காதோரம் பென்சில், எதிரே ஒரு டப்பா நிறையப் பசை. மைதாவைக் காய்ச்சி அவரே செய்கிற பசை. கடைப் பசையை நம்ப மாட்டார்.

"நான்தான் ஒட்டினேன். ஏன், கோணலா இருக்கா?"

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "சார்... நீங்களா? எதுக்கு சார்?"

"எதுக்குன்னா? மஞ்சள் தாள்னா ஃபைலுக்கு, வெள்ளைத் தாள்னா குப்பைக்கு. இருபத்தெட்டு வருஷமா இந்த ஆபீஸ்ல அதானே வழக்கம்? நீங்கதான் டப்பாவைக் குடுத்து, 'அலமாரிப் பூட்டு உடைஞ்சிருக்கு, பத்திரமா வைங்க சார்'னு சொன்னீங்க. திறந்தேன். எல்லாம் மஞ்சள். எல்லாத்துலயும் நம்பர். ஃபைலை விடப் பத்திரமான இடம் எது டீச்சர், நீங்களே சொல்லுங்க."

"மஞ்சள் தாளை எதுக்கு எடுத்தீங்க?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"பரீட்சை நேரம்னு வெள்ளைத் தாளைப் பூட்டிட்டாங்க. மஞ்சள்தான் கிடைச்சது."

"நம்பர்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "முதல் வாரம் எப்படி எழுதினாங்க, பத்தாவது வாரம் எப்படி மாறியிருக்காங்கன்னு பாக்க ஆசைப்பட்டேன்மா. கையெழுத்தை வெச்சுக் கண்டுபிடிச்சு நம்பர் போட்டேன். தெரியக்கூடாதுன்னுதான் சின்னதா போட்டேன்."

"உங்களுக்குத் தெரியும்படி போட்டா எல்லாருக்கும் தெரியும். அவ உங்களை நம்பி எழுதினா. மத்தவங்க எல்லாம் புத்திசாலிங்க, மகிழ்ச்சின்னு எழுதிட்டுப் பொழைச்சுக்கிட்டாங்க."

அவர் தலையசைத்தார். பூசி மெழுகவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன். பிறகு அவர் ஐந்தாவது சீட்டை விரலால் தொட்டார். "இது முன்பக்கம்தானே. பின்பக்கம் என்ன எழுதியிருந்தான்னு எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா நான் சொன்னா யார் நம்புவாங்க?"

கிளார்க் தொண்டையைச் செருமினார். "பின்பக்கம் வேற இருக்கா?"

பின்பக்கம் முழுக்கப் பசை.

"இங்க பிய்க்க வேணாம்" என்றேன். "நீங்களும் நானும் மட்டும் இருக்கிற இடத்துல பிரிச்சா, நாமளே எழுதிட்டோம்னு சொல்லுவாங்க. நானே சொல்லுவேன்."

அன்று மதியமே டீச்சர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். என்னையும் இருக்கச் சொன்னார். ஆளில்லாத வகுப்பறை, கரும்பலகையில் யாரோ போட்ட பாதிக் கணக்கு. தையல்காரர் மகள் கடைசிவரை குறுக்கே பேசவில்லை.

"நம்பர் போட்டீங்களா டீச்சர்?"

"போட்டேன்."

"பேர் வேணாம்னு சொன்னீங்க."

"சொன்னேன். தப்பு என்னுதுதான்."

"எத்தனாவது வாரத்துலேர்ந்து?"

"முதல் வாரத்துலேர்ந்து."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?"

"ரெண்டு வாரமாத் தெரியும். கேட்டிருக்கணும். கேக்கலை."

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கையிரண்டையும் பின்னால் கட்டியிருந்தாள். எனக்கு நாலாம் அறைத் தாழ்வாரம் ஞாபகம் வந்தது. "திங்கக்கிழமை வர்றேன்" என்றாள். "உங்க ரெண்டு பேருக்காகவும் இல்ல. எனக்கு அந்த இடம் வேணும்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் அறையில் ஐந்து பேர் கூடினோம். மேனேஜர், டீச்சர், நான், அந்தப் பெண், கூடவே கிளார்க். அவரை யாரும் கூப்பிடவில்லை. "என் பசை, நான் பாக்கணும்" என்று வந்துவிட்டார். நான் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் பஞ்சும் கொண்டுபோனேன்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றார் மேனேஜர்.

"உங்க கண்ணு முன்னாலயே கட்டுப் பிரிக்கப் போறேன்."

காய்ந்து ஒட்டிய கட்டைத் தோல் உரியாமல் எடுப்பது எங்கள் அன்றாட வேலை. இழுக்கக் கூடாது. பஞ்சை நனைத்துப் பிழிந்து, மேலே வைத்து, காத்திருக்க வேண்டும். ஓரம் தானாக எழும்போது இன்னொரு பஞ்சு. பால்பாயின்ட் பேனா என்பதால் எழுத்து கலையவில்லை. மைதாப் பசை மெல்லக் கூழாகிக் கழன்றது. கிளார்க் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "கடைப் பசையா இருந்தா இந்நேரம் கிழிஞ்சிருக்கும்" என்று முணுமுணுத்தார். யாரும் பாராட்டவில்லை.

சீட்டைத் திருப்பி மேனேஜர் கையில் கொடுத்தேன். நான் படிக்கவில்லை. அவரே உரக்கப் படித்தார்.

"கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் விழுந்துவிடாமல் கட்டில் கம்பியை ஏற்றிவிட்டு வெளியே வந்தேன். பெரியம்மாவைக் கூப்பிட்டேன். அவர் துடைத்தார். நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பத்து நிமிடம் கழித்துக் கோபம் போய்விட்டது. முதுகை நான் துடைத்தேன்."

அவர் சீட்டை மேசையில் வைத்தார். "இதுவும் அவ எழுதினதுதானே. எது வேணாலும் எழுதலாம்."

இந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்தது. நானும் அதையேதான் கேட்டிருப்பேன். நாலாம் அறைப் பதிவேட்டைத் திறந்து அந்தத் தேதியைக் காட்டினேன். 10.20 ஆள் மாற்றம். 10.30 பழைய ஆள். என் கையெழுத்து. ஐந்து வாரமாகப் பூட்டிய அலமாரியில் இருந்த பதிவேடு. அவர் சீட்டையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை பார்த்தார்.

"சார், நாப்பத்தோரு வருஷத்துல கிள்ளினவங்களை நான் பார்த்திருக்கேன்" என்றேன். "ஒருத்தர்கூட முந்தின நாள் வந்து, எனக்குக் கிள்ளத் தோணுதுன்னு சொன்னதில்ல. எல்லாரும் சிரிச்ச முகமாத்தான் இருந்தாங்க. அந்த நாலு மகிழ்ச்சியை நீங்க எதை வெச்சு நம்பினீங்க?"

மேனேஜர் பேனாவின் மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடி திருகினார். "நாலாம் அறைக்கு இப்பவே அனுப்புங்க. நான் வாசல்ல நின்னு பாக்கறேன்."

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் அதற்குள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் அவளும் நாலாம் அறை அம்மாளும். வாசலில் மேனேஜர், அவர் பின்னால் நான். தாழ்வாரத்துக் கோடியில் டீச்சர். அவர் கைகளுக்கு ஒன்றும் வேலையில்லை. கழுத்துக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். முகம் துடைத்தாயிற்று, கழுத்து ஆயிற்று. இடது கைக்கு வந்தபோது அம்மாள் முன்னோக்கிப் பாய்ந்து அவள் காதோர முடியைக் கொத்தாகப் பிடித்தார், துப்பவும் துப்பினார். அந்தப் பெண் தலையைப் பிடியோடு சேர்த்துத் தாழ்த்தினாள், இழுக்கவில்லை. பிடி தளர்ந்ததும் ஓர் அடி பின்னால் வந்தாள். கட்டில் கம்பியை ஏற்றினாள். அது பூட்டிய சத்தம் கேட்டது. கையிரண்டும் பின்னால் போயின.

போச்சு என்று நினைத்தேன். பார்க்க வந்தவர் வாசலில் நிற்கும்போது எந்தப் புத்தியுள்ள பெண்ணும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுவாள்.

"பெரியம்மா, ஆள் மாத்துங்க" என்றாள், தெருவுக்குக் கேட்கும் குரலில்.

நான் உள்ளே போனேன். போகும்போது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து எதையோ குறித்துக்கொள்வது தெரிந்தது. எட்டு நிமிடம் கழித்து அவள் திரும்பி வந்து துணியை என் கையிலிருந்து வாங்கினாள். முதுகும் காலும் அவள்தான் துடைத்தாள்.

பயிற்சி இடம் அவளுக்குக் கிடைத்தது. மேனேஜர் காரணம் எழுதும் கட்டத்தில் "உதவிக்குக் கூப்பிடத் தெரிகிறது" என்று மட்டும் எழுதினார். அவளிடம் நேரில், "மூணு மாசம் உன்னைக் கவனிச்சுக்கிட்டே இருப்பேன்" என்றார். "கவனிங்க சார்" என்றாள். அத்தைக்குக் கோபம் என்று பிறகு சொன்னாள்.

சீட்டு டீச்சர் சீட்டை விடவில்லை. விட்டுவிடுவார் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்களாம். அடுத்த வகுப்பில் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் நின்று, நம்பர் போட்டதைச் சொல்லியிருக்கிறார். பழைய சீட்டுகளைக் கிளார்க்கும் அவரும் உட்கார்ந்து ஐந்து ஃபைலிலிருந்தும் கழற்றினார்கள். பஞ்சு நான் கொடுத்தனுப்பினேன். இப்போது தேதி கிழித்த நாட்காட்டித் தாளில் எழுதுகிறார்கள். எழுதினவர் விரும்பினால் அங்கேயே படிப்பார், விரும்பாவிட்டால் மடித்த சீட்டை மடித்தபடியே கொடுக்கலாம். எல்லோர் கண்முன்னாலும் டீச்சர் அதை நாலாகக் கிழித்து எங்கள் துணிமணி அறைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார். மகிழ்ச்சி குறைந்திருக்கிறது என்று கேள்வி. போன வாரம் யாரோ "வாந்தி வந்தது, முதலில் ஜன்னலைத் திறந்தேன்" என்று எழுதி உரக்கப் படித்ததாகவும், எல்லோரும் சிரித்ததாகவும், டீச்சர் அரை மணி நேரம் ஜன்னலைப் பற்றியே பாடம் நடத்தியதாகவும் சொன்னார்கள். ஜன்னலைத் திறப்பது சரியான வேலை. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தையல்காரர் மகள் அதற்குப் பிறகு எழுதவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையாக அவள் எங்களிடம் வந்த கடைசிப் புதன்கிழமை, மற்றவர்களோடு வரிசையில் நின்று, ஒரு வெற்றுச் சீட்டை மூலைக்கு மூலை பொருத்தி, நகத்தால் நீவி, டீச்சர் கையில் கொடுத்தாள். டீச்சர் அதை வாங்கினார். பிரித்துப் பார்க்கவில்லை. "சரிம்மா" என்றார். மற்றதைப்போலவே அதையும் கிழித்துக் கூடையில் போட்டார்.

அவர்கள் பேருந்து கிளம்பியதும் நான் கூடையைக் கவிழ்த்தேன். அந்த மடிப்பு எனக்குத் தெரியும். நாலு துண்டையும் எடுத்து மேசைமேல் சேர்த்து வைத்தேன். முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. மூலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சில் நம்பர் எதுவும் இல்லை. துண்டுகளைக் கூடையில் திரும்பப் போட்டேன். அடுத்த புதன்கிழமையும் பார்ப்பேன்.